ஜப்பானுக்கு அழைக்கும் ‘சகுரா’: கும்மிடிப்பூண்டி அரசுப் பள்ளி மாணவிக்கு வழி என்ன?

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியை நெருங்கினால் ஜப்பான் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். மஹிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் சேர்ந்து அமைத்த ‘ஆரிஜின்ஸ்’ தொழிற்பூங்கா இங்கேதான் இருக்கிறது. இன்ஜின் தயாரிக்கும் யான்மாரும் அதற்குள்தான். சரி, ஜப்பான் நம்ம ஊருக்கு வந்தாச்சு. இங்கே அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவி ஜப்பானுக்குப் போக முடியுமா?

முடியும். அதற்கான ஒரு வழிதான் சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டம். ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014-ல் தொடங்கியது. இந்தியப் பள்ளி மாணவர்கள் 2016 முதல் போகிறார்கள். சுமார் ஒரு வாரம் ஆய்வகங்கள், பல்கலைக்கழகங்கள், பிற நாட்டு மாணவர்களுடன் சந்திப்பு. செலவு ஜப்பான் தரப்புடையது.

ஒரு வாரத்தில் என்ன கத்துக்க முடியும்? நியாயமான கேள்வி. இயற்பியல் பாடம் முடியாது. ஆனால் 2018 பீசா தேர்வில் ‘உலகளாவிய திறன்’ என்பதையும் அளந்தார்கள். உள்ளூர்ப் பிரச்னையை உலகத்தோடு வைத்து ஆராய்வது அதில் முக்கியமான அம்சம்.

உதாரணம் ஜப்பானின் கித்தாகியூஷு. 1960-களில் ஆலைக்கழிவால் அங்குள்ள டோகாய் விரிகுடாவை ‘சாவுக் கடல்’ என்றே சொன்னார்கள். டோபாட்டா பகுதிப் பெண்கள் புகையை எதிர்த்து கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. வெள்ளைத் துணியை வெளியே தொங்கவிட்டு, படியும் கரியை ஒப்பிட்டார்கள். பல்கலைக்கழக ஆசிரியர் உதவியோடு தூசியை அளந்தார்கள். பிறகு விரிகுடாவில் மீன்கள் திரும்பின. சகுரா பயணத்தில் இந்த ஊர் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சிப்காட் பக்கத்தில் வீடு இருக்கும் பிள்ளை அங்கே போய்க் கேட்க வேண்டிய கேள்வி இதுதானே? கேள்வியே இல்லாமல் போனால் அது வெறும் டூர்.

எப்படிப் போவது? நேராக அப்ளை பண்ண முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களைக் கல்வித்துறைதான் பரிந்துரைக்கும். இடங்களும் குறைவு.

இன்னொரு கதவு, மத்திய அரசின் ‘இன்ஸ்பயர் மானக்’. 6-ஆம் வகுப்பில் இருந்தே புதிய யோசனை சொல்லலாம். தேர்வானால் மாணவரின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் வரும். அதை வைத்து மாதிரி செய்து மாவட்டம், மாநிலம், தேசியம் என்று முன்னேறலாம். தேசிய அளவில் வென்றவர்கள் சகுரா மூலம் ஜப்பான் போயிருக்கிறார்கள்.

ஒரு விஷயம்: யோசனையை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டியது பள்ளிதான், மாணவர் இல்லை. “எங்க ஸ்கூல் பதிவு பண்ணியிருக்கா?” என்று அறிவியல் ஆசிரியரிடம் இப்பவே கேட்டுடுங்க.