எக்ஸ்ரே: 90 நிமிடத்தில் இருந்து ஒரு நொடிக்குள்

நம்ம புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912ல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கியபோது எக்ஸ்ரேக்கு வயது பதினேழுதான். படம் எடுப்பவருக்கே ஆபத்து அதிகம் இருந்த காலம். எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி, கதிர் பட்டுப் பட்டுப் புற்றுநோய் வந்து, கைகளை வெட்டி எடுத்தும் பிழைக்காமல் 1904ல் இறந்தார்.

அப்போது எவ்வளவு கதிர் பட்டிருக்கும்? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1896ல் செய்த ஒரு கருவியை ஆய்வாளர்கள் மறுபடி இயக்கிப் பார்த்து, 2011ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கையைப் படம் எடுக்க அந்தக் காலத்து முறையில் 90 நிமிடம், தோலில் 74 மில்லிகிரே. இன்றைய கருவியில் 21 மில்லிசெகண்ட், 0.05 மில்லிகிரே. கிட்டத்தட்ட 1500 மடங்கு வித்தியாசம்!

இது எப்படிக் குறைந்தது? முக்கியமாக, வருகிற கதிரை வீணாக்காமல் பிடிக்கக் கற்றுக்கொண்டதால். கண்ணாடித் தட்டில் பட்ட கதிரில் பெரும்பங்கு எதையும் பதிக்காமல் ஊடுருவிப் போய்விடும். கால்சியம் டங்ஸ்டேட் பூசிய திரை கதிரை வாங்கி ஒளியாக மாற்றும், அந்த ஒளி படத்தைப் பதிக்கும். 1918ல் இரண்டு பக்கமும் பூச்சு உள்ள பிலிம் வந்தது, இரண்டு பக்கமும் திரை வைத்தார்கள். 1970களில் அரிய மண் தனிமங்களில் செய்த திரைகள் வந்து கதிரை இன்னும் குறைத்தன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. திரை தடிமனானால் ஒளி பரவிப் படம் மங்கும். மெல்லிசான எலும்பு முறிவு தெரியாமல் போனால் திரும்ப எடுக்க வேண்டும், கதிர் இரண்டு மடங்கு!

டிஜிட்டல் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். பிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துவிடும், டெக்னீஷியன் மாட்டிக்கொள்வார். டிஜிட்டலில் கம்ப்யூட்டரே வெளிச்சத்தைச் சரிசெய்துவிடும். கதிர் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், டாக்டர் திட்டுவார். கூடினால் படம் இன்னும் அழகாக வரும், யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் என்ன, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைக்கும் பழக்கம் பல நாடுகளில் வந்துவிட்டது. அதனால்தான் படத்தைப் பிடிக்கும் தகட்டில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று காட்டும் எண்ணுக்கு 2008ல் பன்னாட்டுத் தரம் வகுத்தார்கள்.

புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2017ல். இனி அங்கே படிக்கப் போகிற நம் நண்பர்கள் பலர் பிலிம் கழுவுவதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். கறுத்த படம் சொன்னதை, திரை ஓரத்தில் இருக்கும் அந்த எண்ணில்தான் அவர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.