கல்லடிப் பாலமும் காத்திருந்த கரையும்

மட்டக்களப்பு வாவியின் மீது 1924ஆம் ஆண்டில் எழுந்த இரும்புப் பாலத்துக்கு ஆட்சியாளர் இட்ட பெயர் லேடி மனிங் பாலம். அன்றைய தேசாதிபதி வில்லியம் மனிங்கின் துணைவியார் நினைவாக இட்ட பெயர் அது. வாவியில் இறங்கித் தூண் நாட்டி, முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டங்களைப் பொருத்திய தொழிலாளருக்கு அப்பெயரில் இடமில்லை. மக்கள் நாவில் நிலைத்ததோ கல்லடி என்னும் ஊர்ப்பெயரே.

கடற்கரையோரம் தெற்கு நோக்கிச் சென்ற பெருந்தெருவின் வழியில் அமைந்தது அப்பாலம். எனவே காத்தான்குடி, கல்முனை எனத் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் எழுவான்கரை ஊர்கள் நகருடன் இணைந்தன. மேற்கே, நெல் விளைவித்த படுவான்கரையின் நிலை என்ன? மண்முனைத்துறையில் வாவியைக் கடக்க 'பாதை' எனும் மிதவையையே நம்பவேண்டியிருந்தது. நெல் மூட்டையோடு உழவரும், நோயாளியோடு உறவினரும் அதன் வரவு பார்த்து நின்றனர். போர்க் காலத்தில் வாவியே இரு கரைக்கும் எல்லைக்கோடாயிற்று. மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல்; இடையே தொண்ணூறு ஆண்டுகள்!

2013இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதனருகே பழைய பாலம் இன்று பழைமைச் சின்னமாக நிற்கிறது. அதன் பெருமையை எழுதுவோர், மறுகரை காத்திருந்த அந்தத் தொண்ணூறு ஆண்டுகளையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.