குடியேற்றச் சீர்திருத்தம் மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 1986

அமெரிக்காவில் உரிய ஆவணங்களின்றி வசித்த வெளிநாட்டவர் சட்டப்படி குடியிருப்புரிமை பெற வழிவகுத்த கூட்டாட்சிச் சட்டம். குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன் 1986 நவம்பர் 6 அன்று கையொப்பமிட்டார்.

தகுதியுடையோர் இரு முதன்மைப் பிரிவினர்: 1982 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தொடர்ந்து வசித்தவர்கள், 1986 மே 1-இல் முடிந்த ஓராண்டில் குறைந்தது 90 நாள் பண்ணை வேலை செய்தவர்கள். முதற்பிரிவினர் வாடகை ரசீது, சம்பளச் சீட்டு போன்றவற்றால் தொடர் வசிப்பை மெய்ப்பித்துத் தற்காலிக உரிமை பெற்றனர். 18 மாதங்களுக்குப் பின், அடிப்படை ஆங்கிலமும் அமெரிக்க வரலாறு, அரசமைப்பு பற்றிய அறிவும் உடையோர் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்தனர்.

ஏறத்தாழ 27 லட்சம் பேர் பயனடைந்தனர். வேலை செய்ய அனுமதியற்றவரைத் தெரிந்தே பணியமர்த்துவதையும் இச்சட்டம் தடைசெய்தது. 1982-க்குப் பின் வந்த பெரும்பாலோர் இதன் வரம்புக்கு வெளியே நின்றனர். இதற்கு இணையான அளவில் மற்றொரு பொது முறைப்படுத்தல் சட்டம் அங்கு இயற்றப்படவில்லை.