உழைப்பும் ஓய்வும்: நம் பெண்மக்கள் வரலாறு கூறும் பாடம்

வரலாறு என்றவுடன் நம் மாணவர்களுக்கு நினைவில் எழுவன போர்களும் உடன்படிக்கைகளும் அரசாணைகளுமே ஆகும். ஒரு சமுதாயத்தின் பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்தனர், எத்தனை மணிக்கு உறங்கினர் என்பதும் அச்சமுதாயத்தின் வரலாறே. நம் பாட்டியர் விடியுமுன் வயலுக்குச் சென்றனர், நாற்று நட்டனர், களை எடுத்தனர், களத்தில் நெல் தூற்றினர், இருட்டிய பின் தம் குடிசைக்கு வந்து உலை வைத்தனர். நடவுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் தம் வாய்மொழியாகவே கட்டினர். விறகும் கீரையும் விற்றுச் சிறு வாணிபமும் செய்தனர். படைப்பும் தொழிலும் அவர்களிடம் இருந்தன. ஓய்வு ஒன்றுதான் இருந்ததில்லை.

நம் கல்விச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இந்நாளில் நம் பெண்மக்கள் பட்டம் பெறுகின்றனர். கவிதையும் கதையும் எழுதுகின்றனர். தையற்கூடமும் உணவுக்கடையும் நடத்துகின்றனர். தொழிற்சாலைகளில் முறைப்பணி புரிகின்றனர். இவற்றோடு வீட்டுச் சுமையும் குறையாமல் அவர்கள் தோளிலேயே இருக்கின்றது. படைப்பு, தொழில், உடல்நலம் ஆகிய மூன்றையும் ஒருங்கே காப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடையை நம் இளைஞர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் கடந்த இரு வாழ்க்கைகள்

மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட தம் ‘குலாம்கிரி’ என்னும் நூலை, கறுப்பின மக்களின் அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அவர்தம் துயரும் நம் துயரும் உறவுடையன என்பதை அன்றே அவர் உணர்ந்திருந்தார். ஆகவே, அந்நாட்டுக் கறுப்பினப் பெண்கள் இருவரை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமுடையதாகும்.

ஒருவர் மேடம் சி. ஜே. வாக்கர். இயற்பெயர் சாரா பிரீட்லவ். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு, அடிமைமுறை ஒழிந்தபின், 1867இல் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். ஏழு வயதில் பெற்றோரை இழந்தார். பதினான்கு வயதில் மணம் புரிந்தார். இருபது வயதில் கைம்பெண்ணானார். செயின்ட் லூயிஸ் நகரில் துணி வெளுத்துத் தம் ஒரே மகளை வளர்த்தார். தம் தலைமுடி உதிர்ந்ததால் அதற்கு மருந்து தேட முற்பட்ட அவர், பின்னர்ப் பெண்களுக்கான கூந்தல் தைலத்தைத் தாமே விற்கலானார். 1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் நிறுவனத்தை நிலைநாட்டினார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் அவருடைய முகவர்களாகித் தம் காலில் நின்றனர். கறுப்பின மக்கள் கும்பல்களால் கொல்லப்படுவதை எதிர்த்த இயக்கத்திற்கும் கல்விக்கும் அவர் வாரி வழங்கினார். எனினும் இரத்தக்கொதிப்பும் சிறுநீரக நோயும் அவரைப் பற்றின. ஓய்வெடுக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்தினர். அவரோ ஊர் ஊராகப் பயணம் செய்வதை நிறுத்தவில்லை. நியூயார்க் நகருக்கு அருகில் தாம் கட்டிய மாளிகையில் ஓராண்டும் முழுமையாக வாழாமல், 1919 மே 25 அன்று, 51ஆம் வயதில் காலமானார்.

மற்றொருவர் கவிஞர் ஆட்ரி லார்ட் (1934–1992). நூலகராகவும் ஆசிரியராகவும் பணிபுரிந்து, இரு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே கவிதை எழுதியவர். பெரிய பதிப்பாளர்கள் கறுப்பினப் பெண்களின் எழுத்தைப் புறக்கணித்தமையால், 1980இல் தம் தோழியர் பார்பரா ஸ்மித் முதலானோருடன் சேர்ந்து ஒரு பதிப்பகம் தொடங்கினார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சமையலறை மேசை’. பெண்கள் கூடி உழைப்பதும் உரையாடுவதும் அவ்விடத்தில்தான் அல்லவா! 1978இல் மார்பகப் புற்றுநோய் கண்டது. பின்னர் அது கல்லீரலையும் பற்றியது. அவரோ அஞ்சி ஒடுங்கவில்லை, நோயையும் எழுத்தாக்கினார். 1988இல் வெளிவந்த தம் நூலில், ஒடுக்கப்பட்ட பெண் தன் உடலைப் பேணுவது சொகுசு ஆகாது, அதுவும் போராட்டத்தின் ஒரு கூறே என்ற கருத்தை வலியுறுத்தினார்.

இவ்விரு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வாக்கர் அம்மையாருக்குச் செல்வம் இருந்தது, ஓய்வு இல்லை. லார்ட் அம்மையாருக்கு நோய் இருந்தது; எனினும் தம் நாள்களைத் தாமே அளந்து, தோழியரோடு சுமையைப் பகிர்ந்து செலவிட்டார். நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வேறுபாடு இதுவே.

நம் மண்ணின் சான்றுகள்

அன்னை இரமாபாய் அம்பேத்கரின் வாழ்வை நம்மில் அறியாதார் இலர். அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் பயின்ற காலத்தில், அவர் பம்பாயில் வறுமையோடு போராடிக் குடும்பத்தைக் காத்தார். பெற்ற மக்கள் ஐவருள் யஷ்வந்த் ஒருவரே உயிர் தங்கினார். பட்டினியும் துயரமும் அவருடைய உடலை அரித்தன. நாற்பது வயதும் நிறையுமுன், 1935 மே 27 அன்று அவர் மறைந்தார். அவருடைய தியாகத்தைப் போற்றுகிறோம், போற்றுதல் தகும். ஆனால் அத்தகைய தியாகத்தை நம் மகளிரிடம் மீண்டும் மீண்டும் எதிர்பார்ப்பது தகுமா?

அண்ணல் அவர்கள் அவ்வாறு எதிர்பார்க்கவில்லை. 1928இலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்க்கான மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய அகில இந்தியத் தாழ்த்தப்பட்ட மகளிர் மாநாட்டிற்குச் சுலோச்சனாபாய் டோங்ரே தலைமை தாங்கினார். மணவிலக்கு உரிமையோடு, ஆலைகளில் பணிபுரியும் பெண்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு வேண்டும் என்றும் அம்மாநாடு தீர்மானித்தது. எழுத்தறிவே அரிதாயிருந்த அக்காலத்தில் நம் பெண்கள் ஓய்வை ஓர் அரசியல் உரிமையாகக் கேட்டனர் என்பது பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்கதன்றோ! அதே மாநாட்டில் அண்ணல், பெண்கள் தூய்மை பேணவும், மக்களைக் கற்பிக்கவும், கணவனுக்குத் தோழியாகவும் நிகராகவும் நிற்கவும் அறிவுறுத்தினார். அவர் தொழிலாளர் துறைப் பொறுப்பு வகித்த 1942–46 காலத்தில்தான், 1946ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்வழி, ஆலைகளின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது.

எழுத்துத் துறையில் நமக்கு அண்மைக்காலச் சான்றுகள் உண்டு. 1958இல் பிறந்த எழுத்தாளர் பாமா, ஏழாண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்து வெளியேறிய பின், தம் உள்ளத்துக் காயங்களை ஆற்றிக்கொள்ளவே எழுதத் தொடங்கினார். அவ்வெழுத்தே 1992இல் ‘கருக்கு’ என்னும் நூலாயிற்று. நமக்கு அண்மையில், உத்திரமேரூரை அடுத்த ஓங்கூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே அவர் தொடர்ந்து எழுதினார். அவருக்குப் படைப்பே மருந்தும் ஆயிற்று. ப. சிவகாமி இந்திய ஆட்சிப் பணியில் இருந்தபோதே 1989இல் ‘பழையன கழிதலும்’, 1992இல் ‘ஆனந்தாயி’ ஆகிய புதினங்களை எழுதினார்; ‘புதிய கோடாங்கி’ இதழையும் நடத்தினார்; 2008இல் அப்பதவியைத் துறந்து பொதுவாழ்வில் இறங்கினார்.

தொழில் துறையில் மராட்டியத்தின் கல்பனா சரோஜ் நினைக்கத் தக்கவர். பன்னிரண்டு வயதில் மணமுடிக்கப்பட்டு, புகுந்த வீட்டில் கொடுமைக்குள்ளாகி, வாழ்வையே வெறுத்த நிலையிலிருந்து மீண்டவர். தையல் தொழிலாளியாகத் தொடங்கி, அரசுக் கடன் பெற்றுத் தொழில் வளர்த்து, நலிந்து கிடந்த கமானி டியூப்ஸ் ஆலையை ஏற்று நிமிர்த்தினார். 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதலில் உயிரைக் காத்துக்கொண்டமையால்தான் பின்னர் ஆலையைக் காக்க அவரால் இயன்றது.

நம் ஊர்ச் சாலைகளில்

தனித்தமிழ் தந்த மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய நம் நகரமும், ஒரகடமும், திருப்பெரும்புதூரும் இன்று தொழிற்சாலைகளால் சூழப்பட்டுள்ளன. வேலை வந்தது, வந்த வேலை நிலைக்கும் என்ற உறுதி வரவில்லை. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிப் பல்லாயிரம் இளம்பெண்களுக்கு வேலை தந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. நம் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022இல் கார் உற்பத்தி நின்றது. ஆகவே கைத்தொழிலும் சொந்தத் தொழிலும் அறிந்திருத்தல் நம் மகளிர்க்குக் காப்பாகும்.

2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரத்து மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவால் தோழியர் நோயுற்றமைக்காக நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டனர். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நாளொன்றுக்குப் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு எழவே முதலில் நிறுத்தி வைக்கப்பட்டு, பின் திரும்பப் பெறப்பட்டது. உணவும் உறக்கமும் இன்றும் போராடியே காக்கப்படுவன என்பதற்கு இவை சான்று.

நாம் செய்யத் தக்கவை

இளைஞர்களே! இரவுப்பணி முடிந்து விடியலில் வீடு திரும்பும் உங்கள் அக்காள் பகலில் உறங்க வேண்டும். அவ்வேளையில் அடுப்படியும் தண்ணீர்க் குடமும் உங்கள் பொறுப்பு. இதில் ஆண்மைக்கு யாதோர் இழுக்கும் இல்லை. எழுதும் தங்கைக்கு வாரத்தில் சில மணி நேரமும், ஒரு விளக்கும், கதவடைக்கும் உரிமையும் கொடுங்கள்.

சகோதரிகளே! தொழில் தொடங்குவோர், 1974இல் நிறுவப்பட்ட தாட்கோ வழியாகவும், 2023இல் தமிழக அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் வழியாகவும் கிடைக்கும் உதவிகளைக் கேட்டறியுங்கள். கடைக்கணக்கை வீட்டுக்கணக்கோடு கலவாதீர்கள். கடையில் உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள் கடையை அடையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலையம் சென்று இரத்தத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். வாக்கர் அம்மையாரை வீழ்த்திய நோய் அரவமின்றி வருவது என்பதை மறவாதீர்கள்.

நம் சங்கம் இரவுப் பாடசாலையும் நூலகமும் நடத்துவதுபோலவே, தொழில் புரியும் நம் மகளிர் கூடி அமர்ந்து பேசவும், எழுதியதைப் படித்துக் காட்டவும், சிறிது இளைப்பாறவும் ஓர் அறையை ஒதுக்குமாயின், அதுவே இவ்வெள்ளிவிழாவின் சிறந்த நினைவுச் சின்னமாகும். நம் பாட்டியர்க்கு நாம் தர இயலாமற்போன ஓய்வை நம் பேத்தியர்க்கேனும் தருவோமாக!