தெருக்கூத்துப் பாட்டு கவிதை இல்லையா? மேடைக்கும் ஏட்டுக்கும் நடுவே தொடரும் விவாதம்

ஒலக்கூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. இரண்டிலும் வருவது பாட்டுதான். ஆனால் ஒன்றுக்கு 'இலக்கியம்' என்று மரியாதை; இன்னொன்று வெறும் 'கூத்துப்பாட்டு'. இது நியாயமா?

என்ன வித்தியாசம்?

பிரசங்கியார் பெரும்பாலும் எடுத்துச் சொல்வது வில்லிபாரதம். அதில் 4,300-க்கும் மேற்பட்ட விருத்தப்பாக்கள் உண்டு. அதை எழுதிய வில்லிபுத்தூரார் இதே நடுநாட்டுப் பக்கத்துக்காரர்தான். திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். அந்த நூலுக்கு உரைகள் இருக்கு, ஆய்வுகள் இருக்கு.

கூத்து வாத்தியார் சொல்லித்தரும் கர்ண மோட்சத்திலும் விருத்தம், தரு, வசனம் எல்லாம் உண்டு. கைப்பிரதியாக இருந்து, மலிவு விலைப் புத்தகமாகவும் வந்தது. ஆனால் அச்சில் இருப்பது பாதிதான். மீதி, பாடுபவரின் குரலிலும் முகவீணையிலும் மத்தளத்திலும் இருக்கு.

ஏற்காதவர்கள் சொல்வது என்ன?

ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது, சொற்செட்டு இல்லை, புத்தகத்தில் படித்தால் சப்பென்று இருக்கு என்பது அவர்கள் வாதம்.

இதற்குப் பதில் களத்திலேயே இருக்கு. மைக் இல்லாத காலத்தில், பின்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் பாடினால்தான் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும். ஆடுபவர் மூச்சு வாங்கவும், அடுத்த அடி போடவும் அந்த நேரம் வேண்டும். படிப்பவர் பக்கத்தைப் பின்னால் புரட்டலாம். கேட்பவரால் அது முடியாது. ஆக, திரும்பச் சொல்வது குறையல்ல, தேவை.

இதனால் யாருக்கு நஷ்டம்?

சாகித்ய அகாடமி விருது புத்தகத்துக்குத் தரப்படுகிறது. இசை, நடனம், நாடகம் எல்லாம் சங்கீத நாடக அகாடமியின் பொறுப்பு. புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் 'கலை' பிரிவில்தான். இப்படி, கூத்தில் ஆடுபவருக்காவது அங்கீகாரம் கிடைக்கிறது. பாட்டுக் கட்டியவரைக் கவிஞர் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எழுதி வைக்காத பாட்டுகள் வாத்தியாரோடு போய்விடுகின்றன.

உலகம் என்ன செய்தது?

2016-ல் பாடகர் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் கிடைத்தபோது இதே சண்டை உலக அளவில் நடந்தது. தமிழுக்கு இது புதிதல்ல. சங்க காலத்தில் பாணர்கள் யாழோடு ஊர் ஊராகப் பாடினார்கள். சிலப்பதிகாரத்தை முத்தமிழ்க் காப்பியம் என்றே சொல்கிறோம்.

அப்படியானால் எல்லாப் பாட்டும் உசத்தியா?

இல்லை. அச்சில் மோசமான கவிதை இருப்பது போல, கூத்திலும் சுமாரான பாட்டு உண்டு. சம மரியாதை என்பது கண்ணை மூடிக்கொண்டு பாராட்டுவது அல்ல. எழுத்துக் கவிதைக்குச் செய்வதை இதற்கும் செய்வது: பதிவு செய்வது, பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பது, கட்டியவர் பெயரைக் குறிப்பது, நல்லது கெட்டதை அலசுவது. அதுவும் புத்தகத்தை மட்டும் வைத்து அல்ல. விடியும்வரை களத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகு.