பத்துப் பேரும் போன பிறகு

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். அதில் ஒருவரை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பினாலே ரசிகர்களுக்குத் தூக்கம் போய்விடும். வெறும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இவ்வளவு பதற்றமா என்று சிரிப்பவர்களிடம் நான் 2014ஐப் பற்றிச் சொல்வேன்.

சாம்சங் 2013இல் எம்விபி என்ற கொரிய அமைப்பிடமிருந்து இரண்டு அணிகளை மொத்தமாக வாங்கியது. பின்னால் அவை ஒயிட், ப்ளூ என்று வழங்கின. ஒரே நிறுவனம் இரண்டு அணிகள் வைத்துக்கொள்வது அன்று கொரியாவில் சகஜம். பயிற்சிக்கு ஆள் தேடி வெளியே போக வேண்டாம். நாட்டின் தலைசிறந்த எதிரி வீட்டுக்குள்ளேயே இருப்பான். அதன் பலனை 2014 உலகப் போட்டியில் பார்த்தோம். அரையிறுதியில் ஒயிட்டும் ப்ளூவும்தான் மோதின, ஒயிட் 3-0. இறுதியில், அக்டோபர் 19 அன்று சியோல் உலகக் கோப்பை மைதானத்தில், சுமார் 40,000 பேர் முன்னால், சீனாவின் ஸ்டார் ஹார்ன் ராயல் கிளப்பை 3-1 என்று வென்றது. அந்த ஒயிட் அணியில் மாட்டா ஆடிய ஆட்டம் மாதிரி இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ஆட்ட வரைபடத்தில் எதிரி எங்கே போனாலும் அங்கே இருட்டாகத்தான் இருக்கும்.

சில வாரங்களில் அணி கலைந்தது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், அதனால் எனக்கு இது கணக்காகத்தான் தெரிகிறது. அடுத்த பருவத்திலிருந்து ஒரு நிறுவனத்துக்கு ஓர் அணிதான் என்று விதி வந்தது. பத்து நாற்காலி ஐந்தாகிறது என்றால் ஐந்து பேர் போக வேண்டும், சரி. ஆனால் போனது பத்துப் பேரும். மிச்ச ஐந்துக்குக் காரணம் விதி இல்லை. சீன அணிகள் நீட்டிய சம்பளம். இம்ப் எல்ஜிடிக்கு, மாட்டாவும் டேண்டியும் விசி கேமிங்குக்கு, டெஃப்ட்டும் பானும் ஈடிஜிக்கு. உலகக் கோப்பை இருந்தது, சட்டை இருந்தது, சட்டைக்குள் ஆள் இல்லை.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஆளைத் தொடர்ந்து போனவர்களுக்குச் சீக்கிரமே பலன் கிடைத்தது: 2015 மே மாதம் அமெரிக்காவின் டாலஹாசியில், பானும் டெஃப்ட்டும் ஆடிய ஈடிஜி, கொரிய நட்சத்திரம் ஃபேக்கரின் எஸ்கேடி அணியை 3-2 என்று சாய்த்தது. சட்டையோடு நின்றவர்கள் புதுப் பையன்கள் வரிசையாகத் தோற்பதைப் பார்த்தார்கள். உலக சாம்பியன் பெயரைச் சுமந்த அணி அந்த வசந்தப் பருவத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது.

அப்புறம் ஆம்பிஷன் வந்தார். 2013இல் ஃபேக்கர் தன் முதல் ஆட்டத்திலேயே ஒற்றைக்கு ஒற்றை நின்று வீழ்த்திய அதே ஆம்பிஷன். மிட் என்ற ஆட்ட இடத்தை விட்டு ஜங்கிள் என்ற இடத்துக்கு மாறியிருந்தார். ஆட்டக்காரர்களின் வயதில் பார்த்தால் கிழவர். அவரையும், இடம் மாறி ஆடப் பழகிய கோர்ஜேஜேயையும், ரூலர் என்ற பொடியனையும் வைத்து சாம்சங் 2016 உலகப் போட்டியின் இறுதிக்கு வந்து எஸ்கேடியிடம் 2-3 என்று தோற்றது. மறு ஆண்டு நவம்பர் 4, பெய்ஜிங் பறவைக் கூடு மைதானத்தில் அதே எஸ்கேடியை 3-0. ஃபேக்கர் நாற்காலியை விட்டு எழாமல் அழுதார். ஆம்பிஷன் கோப்பையைத் தூக்கினார்.

சட்டைக் கட்சி ஜெயித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் சாம்சங் அணியையே கேஎஸ்வி என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2018இல் பெயர் ஜென்ஜி. என் அக்கா மகன் ஜென்ஜி ரசிகன். “2017 கோப்பை எங்களுதுதான் மாமா” என்பான். ஆம்பிஷனுடையது என்று நான் சொன்னால் கோபம் வரும்.

நான் டெஃப்ட் கட்சி. சீனாவிலிருந்து திரும்பி அணி மாறி அணி மாறி ஆடி, 2022 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் டிஆர்எக்ஸ் அணியின் சட்டையில் அவர் உலகக் கோப்பையை வென்றார். எதிரில் மறுபடியும் ஃபேக்கர், இந்த முறையும் 3-2. அடுத்த பருவத்துக்கு அந்த ஐவரில் டிஆர்எக்ஸில் மிஞ்சியது பெரில் ஒருவர்தான். டெஃப்ட் டிப்ளஸுக்குப் போனார். நானும் போனேன்.