பசுமலையின் வயது: மதுரை வட்டாரக் கிறித்தவரிடையே ஆதியாகம விளக்கமும் உலகின் காலக்கணக்கும்

ஆய்வுச்சுருக்கம்

உலகின் வயது குறித்துக் கிறித்தவரிடையே எழுந்த கருத்து வேறுபாடு, ஐரோப்பிய நிலவியல் கிளப்பிய சிக்கலாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. மதுரை வட்டாரத்தில் அது வேறு வழியில் நடந்தது. பாறைகளின் வயது பேசப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே கலியுகக் கணக்கு இங்கு அவ்வினாவை எழுப்பியிருந்தது. பின்னாளில் முச்சங்க மரபு அதற்கு வேறொரு விடையைத் தந்தது. இயேசு சபையார், அமெரிக்க மதுரை மிஷனரிமார், தமிழ்க் கிறித்தவ அறிஞர் ஆகியோரின் நிலைப்பாடுகளை இந்நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆதியாகமம், கலியுகம், அமெரிக்க மதுரை மிஷன், நிலவியல், ஆபிரகாம் பண்டிதர், பாவாணர்

முன்னுரை

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில் அமைந்த பசுமலைக்கு மூன்று தோற்ற வரலாறுகள் உண்டு. சமணர் ஏவிய மாயப்பசு நந்தியால் வீழ்த்தப்பட்டு மலையாயிற்று என்பது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் தருவது. யானைமலையும் நாகமலையும் சமணர் ஏவிய யானையும் நாகமும் ஆயின என்பதும் அப்புராண மரபே. அமெரிக்க மதுரை மிஷனின் இறையியல் பள்ளி 1845இல் திருமங்கலத்திலிருந்து இம்மலையடிவாரத்துக்கு மாற்றப்பட்டது. அங்குப் பயின்றோர் கற்ற ஆதியாகமத்தின்படி நிலம் நீரினின்று வெளிப்பட்டது படைப்பின் மூன்றாம் நாளில். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபுட் 1883இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அவ்வறிக்கையின் நோக்கில் இவ்வட்டாரக் குன்றுகள் நைஸ் என்னும் உருமாறிய பாறைகள்.

ஆதியாகமத்துக்கும் நிலவியலுக்கும் நிகழ்ந்த வழக்காக மட்டும் இதனைக் காண்போர் முதலாவது வரலாற்றை விட்டுவிடுகின்றனர். அதனால் தமிழ்க் கிறித்தவச் சிந்தனை, பாஸ்டனிலும் எடின்பரோவிலும் நடந்தவற்றின் காலந்தாழ்ந்த எதிரொலியாகிவிடுகிறது. மதுரையில் ஆதியாகமத்தை விளக்கிய எவரும் புராணக் காலக்கணக்கைக் கருதாமல் விளக்க இயலவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

கலியுகமும் பெருவெள்ளமும்

இராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த இயேசு சபையார் கையில் இரண்டு காலக்கணக்குகள் இருந்தன. ஒன்று, கிறித்து பிறப்பு விழாவில் வாசிக்கப்பட்ட உரோமை மறைச்சாட்சியர் நினைவேட்டின் கணக்கு. அதன்படி படைப்பு கி.மு. 5199, நோவா காலத்துப் பெருவெள்ளம் கி.மு. 2957. மற்றொன்று, ஊர்ப் பஞ்சாங்கக்காரர் கையாண்ட கலியப்தம். அதன் தொடக்கம் கி.மு. 3102. பெருவெள்ளத்துக்கு 145 ஆண்டுகள் முன்னரே கலியுகம் தொடங்கி, உலகெலாம் அழிந்ததாகச் சொல்லப்படும் வெள்ளத்தினூடேயும் அறுபடாமல் ஓடியிருக்கிறது என்பது இதன் பொருள். ஆங்கிலப் புரோட்டஸ்டன்டினருக்கு இடர்ப்பாடு இன்னும் மிகுதி. பேராயர் ஜேம்ஸ் அஷ்ஷர் 1650இல் வெளியிட்ட கணக்கு, படைப்பைக் கி.மு. 4004இலும் வெள்ளத்தைக் கி.மு. 2348இலும் வைத்தது, 1701 முதல் ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரத்திலும் அது அச்சேறியது. இக்கணக்கில் கலியுகம் வெள்ளத்துக்கு 754 ஆண்டுகள் மூத்தது.

ஒரே விவிலியத்திலிருந்து இத்தனை வேறுபட்ட எண்கள் எவ்வாறு பிறந்தன? எபிரேய மூலமும் எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பும் முற்பிதாக்களின் வயதுகளில் மாறுபடுவதே காரணம். சீனத்திலிருந்த இயேசு சபையார் இவ்வேறுபாட்டைத் துணிந்து பயன்படுத்தினர். மார்த்தினோ மார்த்தினி 1658இல் வெளியிட்ட சீன வரலாறு முதல் அரசனைக் கி.மு. 2952இல் வைத்தது. எபிரேயக் கணக்கில் அது வெள்ளத்துக்கு முற்பட்டது. கிரேக்கக் கணக்கைத் தழுவிய நினைவேட்டின்படியோ வெள்ளம் வடிந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன!

மதுரை மிஷன் இவ்வழியை மேற்கொள்ளவில்லை. அதன் குருக்களுள் ஒருவரான ஜான் வெனான்சியுஸ் பூஷே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆயர் ஹுயே என்பாருக்கு எழுதிய மடல் இங்குக் குறிக்கத்தக்கது. புறச்சமயத் தெய்வங்கள் யாவும் மோசேயின் நூல்களிலிருந்து திரிந்தவை என்று 1679இல் வாதிட்டவர் ஹுயே. பூஷே அவ்வாதத்துக்குத் தமிழ்நாட்டுச் சான்று தேடினார். பிரம்மாவில் ஆபிரகாமையும் சரஸ்வதியில் சாராளையும் கண்டார். இந்தச் சொல்லொப்புமை இன்று நகைப்புக்குரியது. ஆயினும் அதன் தருக்கம் நுட்பமானது. புராணம் விவிலியத்தின் திரிபென்றால் அதன் ஆண்டுக் கணக்கும் திரிபே. அதற்கு விடை சொல்ல வேண்டிய கடப்பாடு விளக்குநருக்கு இல்லை.

இந்தப் பாதுகாப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. வான்வியலாளர் லெ ஜான்டீல் 1768-69இல் புதுச்சேரியில் தங்கித் தமிழ்க் கணிதரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். அவரும் இயேசு சபையாரும் அனுப்பிய அட்டவணைகளைக் கொண்டு பையி 1787இல் எழுதிய நூல், கி.மு. 3102 என்பது மெய்யான வான்நோக்கில் பிறந்த ஆண்டு என வாதிட்டது. வால்தேர் முன்னரே இந்தியத் தொன்மையை மோசேக்கு எதிரான படைக்கலமாக்கியிருந்தார். வில்லியம் ஜோன்ஸ் 1788இல் முதல் மூன்று யுகங்களைக் கற்பனையென ஒதுக்கி, எஞ்சியதை விவிலியக் கணக்குக்குள் அடக்க முயன்றார். இம்முயற்சிகளின் பின்னணியை ‘மோசேயின் இனவியல்’ என்று தாமஸ் டிரவுட்மன் பெயரிட்டுள்ளார். பையியின் கணிப்பைப் பின்வந்த வான்வியலாளர் ஏற்கவில்லை. எனினும் உலகின் வயது பற்றிய ஐரோப்பிய விவாதத்தில், பாறை அடுக்குகள் முதன்மை பெறுமுன்பே தமிழ்நிலத்துப் பஞ்சாங்கம் புகுந்துவிட்டது என்பது உறுதி.

‘நாள்’ என்னும் சொல்

மதுரையில் அமெரிக்க மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளையாகத் தொடங்கியது. ஹென்றி ஹொய்சிங்டனும் வில்லியம் டாடும் அவ்வாண்டு சூலையில் வந்தனர். வட்டுக்கோட்டைச் செமினாரியை நடத்திய டேனியல் பூவர் 1836இல் மதுரைக்கு மாறி 1841 வரை பணியாற்றினார். இவர்கள் தம்முடன் கொண்டுவந்தது ஒரு வாதமுறை. 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை முன்னிட்டு, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்போடு பூவர் தம் கணிப்பை ஒப்பிட்டுப் பொதுவில் வழக்காடியிருந்தார். ஹொய்சிங்டன் 1848இல் இந்திய வான்கணிதம் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். மேருமலையும் ஏழு கடல்களும் பொய்யென்று வான்வியல் காட்டினால் புராணம் முழுதும் சரியும் என்பது இவர்களின் நம்பிக்கை. புது வான்வியலைத் தமிழ்க் கிறித்தவரும் தயக்கமின்றி ஏற்றனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தம் பெத்லகேம் குறவஞ்சியில் கொப்பர்னிக்கஸின் அண்ட அமைப்பையே பாடிவைத்தார்.

ஆனால் அறிவியலை அளவுகோலாக ஏந்தியவர் அதே கோலால் தாமும் அளக்கப்படுவார். பூவர் பயின்ற ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் 1810 முதல் எபிரேயம் கற்பித்தவர் மோசஸ் ஸ்டூவர்ட். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் எட்வர்ட் ஹிச்காக் சபைப் போதகராகவும் நிலவியலாளராகவும் இருந்தவர். ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் ஆறு நாள் படைப்புக்கும் இடையே அளவிறந்த காலம் கழிந்திருக்கலாம் எனும் இடைவெளிக் கொள்கைக்கு அவர் ஆதரவாளர். ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ் 1814இல் பரப்பிய கருத்து அது. பூவர் மதுரைக்கு வந்த அதே 1836இல், ஒரு விவிலிய ஆய்விதழில் ஸ்டூவர்ட் ஹிச்காக்கை மறுத்தார். எபிரேயச் சொல்லின் பொருளை எபிரேய வழக்கே முடிவு செய்யும். பாறை முடிவு செய்யாது. அங்கு ‘நாள்’ என்பது நாளே என்பது அவர் வாதம். இருவரும் ஒரே சபைப் பிரிவினர். இருவரும் விவிலியத்தின் அதிகாரத்தை ஏற்றவர். ஸ்டூவர்ட்டை நிலவியல் அறியாத பழமைவாதியாக ஒதுக்குவது எளிது. ஆனால் ஆசிரியன் கருதியது எது, உலகில் நிகழ்ந்தது எது என்னும் இரு வினாக்களைப் பிரித்தவர் அவரே. வரலாற்றுத் திறனாய்வின் விதை ஹிச்காக்கின் சமரசத்தைவிட இம்மறுப்பிலேயே மிகுதியாக உள்ளது எனக் கருத இடமுண்டு.

மூன்றாவது வழியும் இருந்தது. படைப்பின் ஒவ்வொரு நாளும் ஒரு பேரூழி எனும் இவ்விளக்கத்தை ஹியூ மில்லரின் 1857ஆம் ஆண்டு நூல் புகழ்பெறச் செய்தது. இங்கிலாந்தில் அது கற்றோரின் நயமான தீர்வு. மதுரையில் அதை எவ்வாறு சொல்வது? பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்பது கோயில் வாசலில் புராணம் கேட்ட எவரும் அறிந்தது. கலியுகத்தின் 4,32,000 ஆண்டுகளே வரம்பற்ற கற்பனையின் அடையாளம் என்று சந்தையில் நின்று பிரசங்கித்தவர், மறுநாள் ‘கடவுளின் நாள் கோடிக்கணக்கான ஆண்டு’ என்றால் கேட்போர் சிரித்திருப்பர். எதிராளியின் கணக்கை வாங்கித் தம் நூலைக் காக்கும் செயலாகவே அது தோன்றியிருக்கும். ஆறு நாள்களைத் தொடாமல் விடும் இடைவெளிக் கொள்கைக்கு அத்தொல்லை இல்லை. ஓர் ஊரில் சமய விளக்கமாக ஏற்கப்படுவது பிறிதோர் ஊரில் எதிர்ச்சமய வாக்குமூலமாகிவிடும் நிலையை விவிலிய விளக்க வரலாறுகள் போதிய அளவு கருதவில்லை.

(432 கோடி என்பது, இன்று அறியப்படும் புவியின் வயதான சுமார் 454 கோடிக்கு அருகில் வருவதைச் சிலர் வியந்து எழுதுவதுண்டு. எண்கள் தற்செயலாக ஒத்திருப்பது சான்றாகாது.)

பாறையும் பாதிரியார் குடும்பமும்

நிலவியல் இப்பகுதிக்கு மிஷனரி இல்லங்களுக்கு அப்பாலிருந்து வந்ததன்று. ஃபுட் மணந்தது பீட்டர் பெர்சிவலின் மகளை. ஆறுமுக நாவலரின் துணையுடன் யாழ்ப்பாணத்தில் விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான் இவர். 1863 மே 30இல் பல்லாவரத்தில் ஃபுட் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவில் மனிதனின் தொன்மையை நூல்வழிக் காலத்துக்கு அப்பால் தள்ளியது. அவ்வாண்டிலேயே அவரும் வில்லியம் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்தின் கருவிகளுக்கு 2011இல் வெளிவந்த காலக்கணிப்பு சுமார் 15 இலட்சம் ஆண்டு. பசுமலை நிற்கும் மதுரை நிலத்தொகுதியின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உயர்வெப்ப உருமாற்றம் அடைந்தவை.

இடையன்குடியில் வாழ்ந்த ஆயர் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றிலும் மெதுவான காலம் தலைகாட்டுகிறது. கொற்கை கடலை இழந்ததற்கும் துறைமுகம் காயலுக்கு நகர்ந்ததற்கும் அவர் காட்டும் காரணம் தாமிரபரணியின் வண்டல். நிலத்தோற்ற மாற்றத்தை விளக்க அவருக்குப் பெருவெள்ளம் தேவைப்படவில்லை. அவர் இதனை இறையியல் வழக்காக்கவும் இல்லை. 1882 முதல் சென்னையில் வெளிவந்த தத்துவ விவேசினி போன்ற நாத்திக இதழ்கள், விவிலியம், புராணம் இரண்டையும் ஒருசேர அறிவியலின் முன் நிறுத்தின.

கத்தோலிக்கருக்கு 1909இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு ஒரு வாயிலைத் திறந்தது. ‘நாள்’ என்பதை இயற்கை நாளாகவோ காலப்பகுதியாகவோ கொள்ளலாம் என அது இசைந்தது. புரோட்டஸ்டன்டினரிடையே அத்தகைய நடுவர் இல்லாமையால் பிளவு தொடர்ந்தது. 1969இல் மதுரை அரசரடியில் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் கல்விமரபில் வரலாற்றுத் திறனாய்வு இயல்பான பாடம். அதற்கு எட்டாண்டு முன், 1961இல், விட்கம்பும் மோரிஸும் அமெரிக்காவில் வெளியிட்ட நூல் பெருவெள்ளத்தைக் கொண்டே புவியடுக்குகளை விளக்கி, இளம்புவிக் கொள்கைக்குப் புத்துயிர் ஊட்டியது. படைப்பு வரலாற்றை எழுத்துப்படியே கொள்ளும் சபையில் வளர்ந்து திறனாய்வு வகுப்பில் அமரும் மாணவர், இரண்டு வாசிப்புகளையும் சுமந்தே ஞாயிறுதோறும் பிரசங்க மேடை ஏறவேண்டியவராகிறார்.

சங்கத்தின் வழி நீண்ட காலம்

குறுங்காலக் கணக்கைத் தமிழ்க் கிறித்தவ அறிஞர் கைவிட்ட வழி பாறையினும் தமிழையே சார்ந்திருந்தது. இறையனார் களவியல் உரை கூறும் முச்சங்கக் காலம் 4440, 3700, 1850 ஆண்டுகள், மொத்தம் 9990. அஷ்ஷர் கணக்கில் உலகின் வயதே ஏறத்தாழ 6000. மதுரையின் புலவர் அவை உலகத்தைவிட மூத்ததாக இருக்க முடியாதாகலின், சங்க மரபை ஏற்கும் கிறித்தவர் ஏதேனும் ஒன்றை நெகிழ்த்தியாக வேண்டும்.

திண்டுக்கல்லில் பயின்று ஆசிரியராகப் பணியாற்றிப் பின் தஞ்சையில் நிலைத்த ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் இதனை நேர்கொண்டார். முச்சங்கம், கடல்கோள், லெமூரியா, நோவா காலத்து வெள்ளம் ஆகியவற்றை அவர் ஒரே தளத்தில் வைத்துப் பேசுகிறார். விவிலிய வெள்ளமும் தமிழ்மரபின் கடல்கோளும் ஒன்றற்கொன்று சான்றாகின்றன. பூஷே தமிழ்மரபை விவிலியத்தின் திரிபாக்கினார். பண்டிதர் அதனைச் சாட்சியின் கூண்டில் ஏற்றினார். இருநூறாண்டு இடைவெளியில் சான்றின் திசையே மாறிவிட்டது.

பாவாணர் இன்னும் தொலைவு சென்றார். கிறித்தவரான அவர் 1966இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உலக முதன்மொழி பற்றிய நூல், மாந்தத் தோற்றத்தைக் குமரிக்கண்டத்தில், கி.மு. 5,00,000 அளவில் வைக்கிறது. லெமூரியா, 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் விலங்குகளின் பரவலை விளக்கப் புனைந்த கருதுகோள். நிலத்தட்டு நகர்வுக் கொள்கை வந்தபின் நிலவியலார் அதனைக் கைவிட்டனர். தமிழகத்தில் அது பெற்ற மறுவாழ்வைச் சுமதி ராமசாமி விரிவாக ஆராய்ந்துள்ளார். பாவாணரின் காலக்கணக்கை நிலவியலாரும் மொழியியலாரும் ஏற்பதில்லை. அதனை மெய்ப்பிக்க இங்கு முயலவும் இல்லை. கவனத்துக்குரியது அவர் செய்யாதது. இடைவெளிக் கொள்கையையோ ‘நாள்’ என்பதன் நீட்சியையோ துணைக்கு அழைக்காமலேயே ஆதியாகமத்தின் குறுங்காலத்தை அவர் கடந்துவிட்டார். ஹிச்காக்கும் ஸ்டூவர்ட்டும் பொருதிய களம் அவருக்குத் தேவைப்படவில்லை.

1981 சனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் அவர் பேசியதும் மாந்தன் தோற்றம் பற்றியே. அந்த உரைக்குப் பின் நோயுற்று அதே நகரில் காலமானார்.